கோடை விடுமுறையில் ஆசிரியர் சம்பளம்: யாருக்கு எப்படி வருகிறது, யாருக்கு வருவதில்லை

கேள்வி இதுதான்: பள்ளி வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் உண்டா? உண்டென்றால் அது வேலை பார்க்காமல் வாங்கும் சம்பளமா, வேலை பார்த்த மாதங்களில் பிடித்து வைத்துப் பிறகு கொடுக்கும் பணமா?

இரண்டு விதமாகவும் நடக்கிறது. மூன்றாவதாக, அந்த மாதங்களில் ஒரு காசும் வராதவர்களும் இருக்கிறார்கள். ஒரே பள்ளியின் ஆசிரியர் அறையில் இந்த மூன்று வகையினரும் அருகருகே அமர்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கலாம். யார் எந்த வகை என்பது வெளியாளுக்குத் தெரியாது. பள்ளிகளுக்குச் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் நான். "உங்களுக்கென்ன, உட்கார வைத்துச் சம்பளம்" என்று கேலி பேசும் உறவினர்களையும், "எங்கள் பணத்தைத்தான் எங்களுக்கே தருகிறார்கள்" என்று சீறும் ஆசிரியர்களையும் நிறையக் கேட்டிருக்கிறேன். இருவர் சொல்வதும் சில இடங்களில் சரி, சில இடங்களில் தவறு. எந்த இடத்தில் எது என்பதைத் தெரிந்துகொள்ள நியமன ஆணையில் இரண்டு வரிகளைப் பார்க்க வேண்டும். சம்பளம் ஆண்டுக்கா, நாளுக்கா, மணிக்கா என்பது ஒன்று. பணி எந்தத் தேதியில் முடிகிறது என்பது மற்றொன்று. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிது. கைநிறையச் சம்பளம் வாங்குகிறவருக்கும் பணி முடியும் தேதி விடுமுறைக்கு முதல் நாளாக இருந்தால் கோடை வறட்சிதான்.

முதலில் ஆண்டுச் சம்பளக்காரர்களைப் பார்ப்போம். இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு இங்கிலாந்து. அங்கே அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளுக்கான ஊதிய ஆவணத்தின்படி முழுநேர ஆசிரியர் ஆண்டுக்கு 195 நாள் பணிக்கு வர வேண்டும். அதில் 190 நாள் மாணவர்களுடன். மீதி 5 நாள் பயிற்சி, தயாரிப்பு போன்றவற்றுக்கு. அந்த நாள்களுக்குள் தலைமையாசிரியர் குறித்துக் கொடுக்கும் வேலைகளுக்கான உச்சவரம்பு 1,265 மணி. சம்பளம் ஆண்டுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்து, அதைப் பன்னிரண்டு தவணையாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகஸ்டில் வரும் பணத்துக்காக அக்டோபரில் யாரும் பிடித்தம் செய்வதில்லை. ஆகஸ்டிலும் அவர் பணியில் இருப்பவர்தான். பள்ளிக்கு வரவேண்டிய கட்டாயம் மட்டும் இல்லை.

இதை இன்னும் அழுத்தமாகக் காட்டுவது அங்கே 'பர்கண்டி புத்தகம்' என்று அழைக்கப்படும் பணி நிபந்தனை ஒப்பந்தம். அதில் பருவங்களைப் பிரித்திருக்கும் விதத்தைப் பாருங்கள்: செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை ஒரு பருவம், ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை ஒன்று, மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஒன்று. பன்னிரண்டு மாதமும் ஏதாவது ஒரு பருவத்துக்குள் வந்துவிடுகிறது. பள்ளி ஜூலை கடைசி வாரத்தில் மூடினாலும் பணிக்கணக்கில் கோடைப் பருவம் ஆகஸ்ட் 31 வரை ஓடுகிறது. அதனால் வேலையை விட நினைப்பவர் மே 31க்குள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் ஆகஸ்ட் 31 வரை சம்பளம் வாங்கிக்கொண்டு விலகலாம். அந்தத் தேதியைத் தவறவிட்டால், நிர்வாகம் மனமுவந்து விடுவித்தாலொழிய, அடுத்த பருவமான டிசம்பர் 31 வரை இருக்க வேண்டியதுதான். மற்ற இரண்டு பருவங்களுக்கும் அக்டோபர் 31, பிப்ரவரி 28 என்று கெடு இருக்கிறது. ஒவ்வொரு மே மாதமும் அந்த நாட்டுத் தலைமையாசிரியர்கள் ஏன் பதற்றத்தோடு தபாலைப் பிரிக்கிறார்கள் என்பதற்குக் காரணம் இதுவே.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பல மாநிலங்களில் பள்ளி நடக்கவேண்டிய நாள்கள் 180. ஆசிரியரின் ஒப்பந்தம் அதோடு பயிற்சி, பெற்றோர் சந்திப்பு என்று சில நாள்களைச் சேர்த்துக்கொண்டு முடிந்துவிடும். சம்பளம் என்பது அந்த நாள்களுக்கு மட்டுமே. கோடைக்கு என்று தனிச் சம்பளம் கிடையாது. ஆனால் மாதத் தவணை, வாடகை எல்லாம் கோடையிலும் வரத்தானே செய்கிறது? ஆகவே பல பள்ளி மாவட்டங்களில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளில்) ஆசிரியருக்கு ஒரு விருப்பத்தேர்வு கொடுக்கிறார்கள்: முழுத் தொகையையும் பத்து மாதத்தில் வாங்கிக்கொள்ளலாம், அல்லது பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பி வாங்கிக்கொள்ளலாம். சில மாவட்டங்கள் தேர்வே கொடுக்காமல் தாங்களாகவே ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்கின்றன.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். ஓர் ஆசிரியரின் ஒப்பந்தம் 190 நாள், மொத்தச் சம்பளம் 5,70,000 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். ஒரு நாள் ஊதியம் 3,000. பத்து மாதத்தில் வாங்கினால் மாதம் 57,000, கோடையில் இரண்டு மாதம் பூஜ்யம். பன்னிரண்டில் வாங்கினால் மாதம் 47,500. வித்தியாசம் மாதம் 9,500. பத்து மாதத்தில் அது 95,000 ஆகச் சேர்கிறது. அதுதான் கோடையில் இரண்டு 47,500 ஆகத் திரும்பி வருகிறது. "எங்கள் பணத்தைத்தான் எங்களுக்கே தருகிறார்கள்" என்று சீறுகிறவர் இந்த வகை ஆசிரியராக இருந்தால் அவர் சொல்வது முழு உண்மை. வட்டியும் பெரும்பாலும் கிடையாது.

எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்று புதியவர்கள் கேட்பார்கள். மாதந்தோறும் 9,500ஐத் தானாக வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிட்டு அதைத் தொடாமல் இருக்கத் தெரிந்தவருக்குப் பத்து மாத முறை லாபம்; பணம் தன் கையில் இருக்கும், வட்டியும் தனக்கே. என் அனுபவத்தில், அப்படி இருப்பேன் என்று சொல்பவர்கள் அதிகம், இருப்பவர்கள் குறைவு. முதல் கோடையைத் தாண்டும்வரை பன்னிரண்டு மாத முறையில் இருப்பது பாதுகாப்பு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இந்தத் தேர்வை நடுவில் மாற்ற முடியாது. பிற்பாடு வாங்கிக்கொள்ளும்படி தள்ளிவைக்கும் சம்பளத்துக்கு 2004இல் அமெரிக்க வரிச் சட்டத்தில் கடுமையான விதிகள் வந்தன. நிறுவன அதிகாரிகள் கோடிக்கணக்கில் தள்ளிப்போட்டு வாங்குவதைக் கட்டுப்படுத்தப் போட்ட வலையில் பள்ளி ஆசிரியர்களின் கோடைத் தவணையும் மாட்டிக்கொண்டது. விதி மீறினால் 20 சதவீதம் கூடுதல் வரி. ஆசிரியர்கள் கொதித்தெழ, 2007இல் வரித்துறை விளக்கம் வெளியிட்டது: கல்வியாண்டு தொடங்குவதற்கு முன்பே எழுத்தில் விருப்பம் தெரிவித்துவிட்டு, ஆண்டு நடுவில் மாற்றாமல் இருந்தால் சிக்கல் இல்லை. அங்கே ஆகஸ்டில் ஆசிரியர்களிடம் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்கப்படுவதன் பின்னணி இது.

பரப்பி வாங்குவதில் ஆண்டு நடுவே விலகும்போதுதான் உண்மையான சிக்கல் வருகிறது. கணக்குப் பிரிவில் சண்டை மூள்வதும் அங்கேதான். மேலே சொன்ன ஆசிரியர் செப்டம்பரில் சேர்ந்து, டிசம்பர் கடைசியில் விலகுகிறார் என்று கொள்வோம். 76 நாள் வேலை பார்த்திருக்கிறார், ஈட்டியது 2,28,000. நான்கு மாதத் தவணையாக வாங்கியது 1,90,000. பள்ளி அவருக்கு 38,000 கொடுக்க வேண்டும். விலகும்போது இதைக் கேட்டு வாங்க வேண்டும். சிலர் கேட்பதே இல்லை.

இதே கணக்கு தலைகீழாகவும் புரளும். சில இடங்களில் சம்பள ஆண்டு ஜூலையில் தொடங்கும், பள்ளியோ செப்டம்பரில்தான் திறக்கும். அதாவது முதல் இரண்டு தவணையும் முன்பணம். அந்த ஆசிரியர் அக்டோபர் கடைசியில் விலகினால் வாங்கியது நான்கு தவணை, 1,90,000; வேலை பார்த்தது 40 நாள், ஈட்டியது 1,20,000. 70,000 திருப்பிக் கட்ட வேண்டும். வேறு வேலை கிடைத்த மகிழ்ச்சியில் விலகியவருக்குச் சில வாரங்கள் கழித்து இப்படி ஒரு கடிதம் வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே சேரும்போதே கேட்டுவிடுங்கள்: கோடைத் தவணை வேலைக்கு முன்பு வருகிறதா, பின்பு வருகிறதா? அதே மாதச் சம்பளம்தான், ஆனால் ஒன்றில் பள்ளி உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது, மற்றொன்றில் நீங்கள் பள்ளிக்கு.

இங்கே ஒரு கிளைக் கேள்வி எழுகிறது. சட்டம் படித்தவர்களையே சுற்ற விட்ட கேள்வி. ஆசிரியரின் ஒரு நாள் சம்பளம் என்பது எவ்வளவு? ஆண்டுச் சம்பளத்தை 365ஆல் வகுப்பதா, வாரத்துக்கு ஐந்து வேலைநாள் வீதம் வரும் 260ஆல் வகுப்பதா, பள்ளி நாள்களான 195ஆல் வகுப்பதா? நம் 5,70,000ஐ எடுத்துக்கொண்டால் விடை முறையே ஏறக்குறைய 1,562, 2,192, 2,923. ஒரு நாள் சம்பளம் பிடிக்கவேண்டி வந்தால் எதைப் பிடிப்பது? இங்கிலாந்தில் ஒரு மேல்நிலைக் கல்லூரி ஆசிரியர்கள் 2011 நவம்பரில் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கல்லூரி 260இல் ஒரு பங்கைப் பிடித்தது. 365இல் ஒரு பங்குதான் பிடிக்கலாம் என்று ஆசிரியர்கள் வழக்குப் போட்டார்கள். ஹார்ட்லி வழக்கு என்று அறியப்படும் அதில் 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆசிரியர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1870ஆம் ஆண்டின் ஒரு பழைய சட்டத்தின்படி ஆண்டுச் சம்பளம் நாளுக்கு நாள் சமமாகச் சேர்ந்துகொண்டே வருகிறது. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையும் அதில் அடக்கம் என்பது அதன் சாரம். மேலும், ஆசிரியர்கள் மாலையிலும் வார இறுதியிலும் விடுமுறையிலும் பாடம் தயாரிப்பதையும் திருத்துவதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. வழக்கு சில பவுண்டுகளைப் பற்றியதுதான். ஆனால் "விடுமுறைச் சம்பளம் சும்மா வருவது" என்ற பேச்சுக்கு இதைவிடக் கூர்மையான பதிலை நான் பார்த்ததில்லை.

இந்தியாவில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் நிரந்தர ஆசிரியர்கள் முதல் வகையைச் சேர்ந்தவர்கள். மாதச் சம்பளம் பன்னிரண்டு மாதமும் வரும். எந்த மாதத்திலும் கோடைக்காகப் பிடித்தம் இல்லை. ஆங்கிலேயர் காலத்து அடிப்படை விதிகளிலேயே, விடுமுறை உள்ள துறைகளின் ஊழியருக்கு விடுமுறைக் காலம் பணிக்காலமாகவே கணக்கிடப்படும் என்று இருக்கிறது. அதற்கு ஈடாக அதே விதி வேறொன்றை எடுத்துக்கொள்கிறது. கேலி பேசுகிறவர்கள் இதை அறிவதில்லை. மத்திய அரசின் 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளின்படி, மற்ற அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு சேரும். விடுமுறை உள்ள துறை ஊழியர் முழு விடுமுறையையும் அனுபவித்த ஆண்டில் அந்த 30 நாள் ஈட்டிய விடுப்பு அவருக்குக் கிடையாது. ஓய்வுபெறும்போது சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பைப் பணமாக வாங்கிக்கொள்ளலாம் என்பது நினைவிருக்கட்டும். அலுவலக ஊழியர் ஆண்டுதோறும் சேர்த்து வைக்கும் அந்தத் தொகையில் பெரும்பகுதியை ஆசிரியர் ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துவிடுகிறார். மாநிலங்கள் தத்தம் விதிகளில் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டிருக்கின்றன, கொள்கை இதுவே.

விடுமுறையில் வேலைக்கு அழைத்தால் இந்தப் பேரம் திரும்புகிறது. தேர்தல் பணி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பயிற்சி வகுப்பு என்று ஏதாவது ஒன்றுக்காக விடுமுறையின் ஒரு பகுதியை இழந்தால், இழந்த நாள்களின் விகிதத்தில் ஈட்டிய விடுப்பு கணக்கில் ஏறும். விடுமுறை 60 நாள், பணிக்கு அழைத்தது 20 நாள் என்றால் மூன்றில் ஒரு பங்கு. அதாவது 30இல் 10 நாள். ஆனால் மேலதிகாரியின் ஆணை இருந்தால்தான் ஏறும். தலைமையாசிரியர் தொலைபேசியில் சொன்னார், போய் வேலை பார்த்தேன் என்றால் கணக்காயருக்கு அது சான்று ஆகாது. எத்தனையோ ஆசிரியர்கள் கோடை வெயிலில் அலைந்துவிட்டு, ஆணை நகலும் வருகைச் சான்றும் வாங்காமல் அந்த நாள்களை இழந்திருக்கிறார்கள். பணி முடிந்த அன்றே வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கையெழுத்துப் போடவேண்டியவர் மாற்றலாகிப் போயிருப்பார்.

சம்பளச் சீட்டில் இன்னொரு சிறு வரி அடிக்கடி குழப்பம் உண்டாக்கும். மத்திய அரசு விதிப்படி, ஒரு முழு நாட்காட்டி மாதமும் விடுமுறையிலோ விடுப்பிலோ கழிந்தால் அந்த மாதத்துக்குப் போக்குவரத்துப் படி கிடையாது. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வரத் தரும் படி அல்லவா? அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் அப்படியே வரும், இந்த ஒரு படி மட்டும் காணாமல் போகும். ஒவ்வொரு கோடையிலும் "சம்பளம் குறைந்துவிட்டது" என்று வரும் புகார்களில் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் கோடையைக் கடந்துவிடுகிறவர்கள். இனி மற்றவர்கள். தற்காலிக ஆசிரியர், தொகுப்பூதிய ஆசிரியர், மணிக்கணக்கில் வருபவர், பதிலி ஆசிரியர் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் உத்தி ஒன்றுதான்: பள்ளி திறக்கும் வாரத்தில் நியமனம், பள்ளி மூடும் நாளில் பணி முடிவு, மீண்டும் திறக்கும்போது புதிய நியமனம். நடுவில் உள்ள வாரங்களில் அவர் யாருடைய ஊழியரும் அல்லர். சம்பளம் மிச்சம் என்பதோடு, தொடர்பணி என்ற உரிமையும் அறுபடுகிறது. பணிமூப்பு, பணப்பயன் எல்லாவற்றிலும் அந்த முறிவு பின்னால் வந்து நிற்கும்.

இந்த உத்தியை இந்திய உச்ச நீதிமன்றம் 1985இலேயே கடுமையாகக் கண்டித்திருக்கிறது. ஹரியானா அரசு தற்காலிக ஆசிரியர்களைக் கல்வியாண்டின் தொடக்கத்தில் எடுப்பதும், கோடை விடுமுறைக்கு முன்பு நீக்குவதும், திரும்பப் பள்ளி திறந்ததும் எடுப்பதுமாக ஆண்டுக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தது. ரத்தன் லால் எதிர் ஹரியானா அரசு என்ற அந்த வழக்கில், வேலைக்கு எடுக்கவும் நீக்கவும் அரசு இப்படி ஒரு முறையை வைத்துக்கொள்வது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்றும், பணியில் இருக்கும் காலம்வரை அவர்களுக்குக் கோடை விடுமுறைச் சம்பளமும் படிகளும் தரவேண்டும் என்றும், மகப்பேறு விடுப்பு உள்ளிட்டவற்றுக்கும் அவர்கள் உரியவர்கள் என்றும் தீர்ப்பு வந்தது. நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. உத்தி மறைந்துவிட்டதா என்றால் இல்லை. ஆணையின் வாசகம்தான் சாமர்த்தியமாகிவிட்டது. 'ஆண்டுக்குப் பதினொரு மாதம்' என்று தொடக்கத்திலேயே எழுதிவிட்டால் நீக்கினோம் என்ற பேச்சே எழாது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கு மாதம் 5,000 ரூபாயில் எடுக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் ஆண்டாண்டாக எழுப்பிய கோரிக்கைகளில் மே மாதச் சம்பளம் முக்கியமான ஒன்று. பள்ளி மூடியிருக்கும் மாதத்துக்கு ஊதியம் இல்லை என்ற நிபந்தனையும் அவர்களை அத்தனை ஆண்டுகள் தெருவில் நிறுத்தியது.

பணக்கார நாடுகள் இதில் உத்தமர்கள் என்று எண்ண வேண்டாம். ஜெர்மனியில் பல மாநிலங்கள் தற்காலிக ஆசிரியர்களின் ஒப்பந்தத்தைக் கோடை விடுமுறை தொடங்கும் நாளோடு முடித்து, அவர்களை வேலையில்லாதோர் உதவித்தொகை அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தன. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் இதற்குப் பெயர்போனது. கடும் விமர்சனத்துக்குப் பிறகு அண்மை ஆண்டுகளில்தான் கோடையிலும் சம்பளம் கொடுக்க முடிவு செய்தது. ஒரு கையால் சம்பளத்தை நிறுத்தி மறு கையால் உதவித்தொகை கொடுப்பதில் அரசுக்கு என்ன மிச்சம் என்று கேட்கலாம். சம்பளம் மாநிலத்தின் கணக்கு, உதவித்தொகை வேறு கணக்கு. அதில்தான் சூட்சுமம்.

அமெரிக்காவில் அந்த உதவித்தொகைக் கதவும் மூடியிருக்கிறது. இரு கல்வியாண்டுகளுக்கு இடைப்பட்ட காலத்தில், அடுத்த ஆண்டு வேலைக்கு ஒப்பந்தமோ நியாயமான உறுதிமொழியோ இருக்கும் ஆசிரியருக்கு வேலையின்மைத் தொகை கிடையாது என்பது அங்கே கூட்டாட்சிச் சட்டம். உறுதிமொழி என்றால் பெரிய ஆவணம் என்று நினைக்க வேண்டாம்; வரும் கல்வியாண்டிலும் உங்களை அழைப்போம் என்று மே மாதத்தில் வரும் ஒரு கடிதமே பல நேரங்களில் போதும். பதிலி ஆசிரியர்களுக்கு இந்தக் கடிதம் வேலையையும் உறுதி செய்வதில்லை, உதவித்தொகையையும் தடுத்துவிடுகிறது. மினசோட்டா மாநிலம் 2023இல் மணிக்கூலி பெறும் பள்ளி ஊழியர்களுக்கு, அதாவது பஸ் ஓட்டுநர், உணவுக்கூடப் பணியாளர், வகுப்பு உதவியாளர் போன்றவர்களுக்கு, இந்தத் தடையை விலக்கியது. ஆசிரியர்கள் அதில் சேர்க்கப்படவில்லை.

இங்கிலாந்திலும், பள்ளிப் பருவத்தில் மட்டும் மணிக்கணக்கில் வேலை பார்ப்பவர்களின் நிலை அந்நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. ஓர் இசை ஆசிரியை. ஆண்டு முழுதும் ஒப்பந்தம் உண்டு, ஆனால் பாடம் எடுத்த மணிக்குத்தான் ஊதியம். சட்டப்படி எல்லாருக்கும் ஆண்டுக்கு 5.6 வார ஊதிய விடுமுறை உண்டு. 52 வாரத்தில் 5.6 போனால் 46.4, 46.4இல் 5.6 என்பது 12.07 சதவீதம். ஆகவே அவர் ஈட்டியதில் 12.07 சதவீதத்தை விடுமுறை ஊதியமாகக் கொடுத்தது பள்ளி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் 46.4 வாரம் வேலை பார்க்கவில்லையே! வாரம் 100 வீதம் 32 வாரம் பாடம் எடுப்பவர் ஈட்டுவது 3,200, அதில் 12.07 சதவீதம் 386. சட்டம் சொல்லும் 5.6 வாரச் சராசரி ஊதியமோ 560. ஹார்ப்பர் டிரஸ்ட் வழக்கு என்ற பெயரில் 2022 ஜூலையில் வந்த தீர்ப்பு 560தான் சரி என்றது. ஆண்டு முழுதும் ஒப்பந்தம் இருக்கும்வரை, வேலை பார்த்த வாரங்கள் குறைந்தாலும் விடுமுறை உரிமை குறையாது என்பது நீதிமன்றத்தின் கருத்து. நிர்வாகங்கள் அலறின. அரசு விதியைத் திருத்தியது. 2024 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் விடுப்பு ஆண்டுகளில், ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் வேலை பார்ப்பவர்களுக்கு 12.07 சதவீதக் கணக்கே மீண்டும் செல்லும். இசை ஆசிரியை வென்றது இரண்டு ஆண்டுகூட நிலைக்கவில்லை.

இந்த வகையினர் செய்யக்கூடியது என்ன? முதலில், மணி ஊதியத்திலேயே விடுமுறை ஊதியம் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிலி ஆசிரியர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பும் பல ஏஜென்சிகள் ஒவ்வொரு வாரச் சம்பளத்திலும் அதைக் கலந்து கொடுத்துவிட்டு, கோடையில் கைவிரிப்பார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை, வாங்கியவர் கவனிக்காமல் செலவழித்துவிட்டார். சம்பளச் சீட்டில் அது தனி வரியாக இல்லாவிட்டால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்ததாக, நாள் ஊதியத்தை நிரந்தர ஆசிரியரின் சம்பளத்தோடு ஒப்பிடும்போது மாதத்தை வைத்து ஒப்பிடாதீர்கள், ஆண்டை வைத்து ஒப்பிடுங்கள். நாளுக்கு 3,000 என்று கேட்கும்போது பெரிதாகத் தெரியும். நோய், பள்ளி அழைக்காத நாள் எல்லாம் போக அவர் ஆண்டில் 150 நாள் வேலை பார்த்தால் 4,50,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 37,500தான். வீட்டு வாடகையை அந்த 37,500ஐ வைத்து முடிவு செய்ய வேண்டும்.

விடுமுறையை ஒட்டி விடுப்பு எடுப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பல நிர்வாகங்கள் விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளிலும், பள்ளி திறக்கும் முதல் நாளிலும் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கும். இரு பக்கமும் முன்னனுமதி இன்றி வராமல் இருந்தால் நடுவிலுள்ள விடுமுறை முழுவதையும் விடுப்பாகக் கருதிச் சம்பளத்தில் கைவைக்கக்கூடும். ஊருக்குப் போகும் ரயில் ஒரு நாள் முன்னதாகக் கிடைத்தது என்பதற்காகக் கடைசி நாளை விட்டுவிடுவது சில நேரம் மிக விலையுயர்ந்த டிக்கெட்டாகிவிடும்.

மகப்பேறு விடுப்பில் இருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம் பயன்படும். ஆண்டுச் சம்பள முறையில், பேறுகால விடுப்பின் ஊதியம் குறைந்தோ நின்றோ போன கட்டத்தில் பள்ளி விடுமுறை தொடங்குகிறது என்றால், விடுமுறைக்குச் சற்று முன்பு முறைப்படி பணிக்குத் திரும்பிவிடுவது உண்டு. கோடை முழுதும் முழுச் சம்பளம் வரும், குழந்தையோடும் இருக்கலாம். இங்கிலாந்தில் இது வெகு இயல்பாக நடக்கிறது. திரும்பும் தேதியை முன்னால் கொண்டுவரப் பொதுச் சட்டப்படி எட்டு வார முன்னறிவிப்பு தரவேண்டும், அவ்வளவுதான். இதைக் குறுக்கு வழி என்று முகம் சுளிக்கும் சக ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். விதியில் உள்ள உரிமையைக் கேட்டுப் பெறுவதில் கூச்சத்துக்கு இடமில்லை என்பது என் கருத்து.

பள்ளி மாறுகிறவர்கள் இரண்டு தேதிகளை ஒட்டவைத்துப் பார்க்க வேண்டும்: பழைய பள்ளி எந்த நாள்வரை கொடுக்கிறது, புதிய பள்ளி எந்த நாளிலிருந்து கொடுக்கிறது. பழையது பள்ளி மூடும் நாளோடு கணக்கை முடித்து, புதியது திறக்கும் நாளிலிருந்து தொடங்கினால், இரண்டும் நல்ல சம்பளமாக இருந்தும் நடுவில் பள்ளம் விழும். ராஜினாமாக் கடிதத்தில் 'இக்கல்வியாண்டின் இறுதியில்' என்று எழுதுவதைத் தவிருங்கள். கல்வியாண்டு எந்த நாளில் முடிகிறது என்பதற்கு ஆசிரியர் ஒரு பொருளும் நிர்வாகம் ஒரு பொருளும் சொல்லும். விடுமுறையின் கடைசி நாள் எதுவோ அந்தத் தேதியையே எழுதிக் கொடுங்கள். மருத்துவக் காப்பீடு பள்ளி வழியாக இருந்தால் அதன் முடிவுத் தேதியையும் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பத்து மாதச் சம்பளத்திலேயே பன்னிரண்டு மாதப் பிரீமியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடங்களில், ஏற்கெனவே பணம் கட்டிய கோடை மாதங்களுக்குப் பாதுகாப்பு தொடர்கிறதா என்பதை விலகும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.